உழைத்ததுபோக உடலுக்கு மிஞ்சுவது

தேவிகாபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு

தாய்மார்களே, தங்கைகளே, நீங்கள் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள்.

தறி நின்றால் கூலியும் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை வேண்டி வரும் பெண்ணுக்கு நம் ஊர்களில் எப்போதும் இரண்டு அறிவுரைகள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "நல்லா நடக்கணும்." மற்றொன்று, "வாயைக் கட்டணும்." மருத்துவரும் சொல்கிறார், மாமியாரும் சொல்கிறார், கைப்பேசியும் சொல்கிறது. அவள் விடிந்ததிலிருந்து எவ்வளவு உழைத்தாள், முதல் வாய்ச் சோறு எத்தனை மணிக்கு உள்ளே போனது, அந்தத் தட்டில் என்ன இருந்தது என்று கேட்டுவிட்டுச் சொல்பவர்கள் மிகக் குறைவு. இதைக் கேட்காமல் ஒரு பெண்ணுக்கு உடற்பயிற்சியும் சொல்லக் கூடாது, உணவுக் கட்டுப்பாடும் சொல்லக் கூடாது. இதற்கான சான்றுகள் மருத்துவ ஆய்வுகளில் ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

கதை ஓட்டக்காரிகளிடம் தொடங்குகிறது. ஓட்டப் பந்தயத்துக்கும் நடனத்துக்கும் கடுமையாகப் பயிற்சி எடுக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதை மேலைநாட்டு மருத்துவர்கள் கவனித்தார்கள். ரோஸ் ஃபிரிஷ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1974இல் ஒரு விளக்கம் சொன்னார். ஒரு பெண் வயதுக்கு வர உடல் எடையில் சுமார் 17 சதவீதமும், மாதவிலக்கு தவறாமல் தொடரச் சுமார் 22 சதவீதமும் கொழுப்பாக இருக்க வேண்டும் என்றார். கேட்பதற்கு எளிதான கணக்கு. ஆனால் ஒரே அளவு கொழுப்புள்ள இரண்டு ஓட்டக்காரிகளில் ஒருத்திக்கு மாதாமாதம் சரியாக வந்தது, இன்னொருத்திக்கு நின்றுபோயிருந்தது. அதை அந்தக் கணக்கால் விளக்க முடியவில்லை.

1985இல் பாஸ்டன் ஆய்வாளர்களின் ஒரு சோதனை வெளியானது. அதுவரை பயிற்சி எடுத்தே இராத 28 பெண்களைத் தேர்ந்து, நாளுக்கு 4 மைலில் தொடங்கிப் படிப்படியாக 10 மைல் வரை ஓடவைத்தார்கள். ஒரு பிரிவினருக்கு எடை குறையும்படி உணவு, மற்றப் பிரிவினருக்கு எடை குறையாதபடி உணவு. பயிற்சிக் காலத்தில் மாதச் சுழற்சி முழுக்கச் சரியாக இருந்தவர்கள் 28 பேரில் 4 பேர்தான். எடை குறைந்த பிரிவில் கோளாறு கூடுதலாக இருந்தது. ஓட்டத்தை நிறுத்திய ஆறு மாதத்துக்குள் எல்லோருக்கும் சரியாகிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கெட்டுப்போனது திரும்பி வரும்.

கெடுத்தது ஓட்டமா, பசியா? இதை அவிழ்த்தவர் ஒகையோ பல்கலைக்கழகத்தின் ஆன் லௌக்ஸ். ஒரே அளவு பயிற்சி கொடுத்து, உணவை மட்டும் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். பயிற்சிக்கு ஏற்ற உணவு கிடைத்தபோது ஹார்மோன் ஒழுங்காக இருந்தது, கிடைக்காதபோது குலைந்தது. 1998இல் இதை வெளியிட்டார். பிறகு, 2003இல், எந்த அளவுக்குக் கீழே போனால் குலைகிறது என்று தேடினார். மாதவிலக்கு ஒழுங்காக வரும் 29 இளம்பெண்கள், ஐந்தே நாள் சோதனை. உண்ட கலோரியிலிருந்து பயிற்சியில் செலவான கலோரியைக் கழித்து, மிச்சத்தைக் கொழுப்பு நீங்கிய உடல் எடையால் வகுத்தார். கிலோவுக்கு 45 கலோரி மிஞ்சியவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. 30க்குக் கீழே போனதும், மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி சினைமுட்டையை வெளியேற்றச் சுரக்கும் எல்எச் ஹார்மோனின் துடிப்பு குறையத் தொடங்கியது. ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. கண்ணாடியில் தெரியாததை மூளை அறிந்துகொண்டது.

இந்தக் கணக்கை நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். 45 கிலோ எடையுள்ள ஒரு பெண். உடலில் கால் பங்கு கொழுப்பு என்று வைத்துக்கொண்டால் மற்றது ஏறத்தாழ 34 கிலோ. அவள் நாள் முழுக்க உண்பது 1,600 கலோரி, உழைப்பில் செலவாவது 600 கலோரி என்று வைப்போம். மிஞ்சுவது 1,000. 34ஆல் வகுத்தால் 30க்குச் சற்றுக் கீழே. இவள் பட்டினி கிடக்கவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறாள். யாரும் இவளை நோஞ்சான் என்று சொல்ல மாட்டார்கள். இருந்தும் இவளுடைய மூளை கருப்பைக்குச் செலவைக் குறைக்கத் தொடங்கக்கூடும். வாரக்கூலி கைக்கு வந்ததும் முதலில் வாடகை, அடுத்தது வட்டி, அப்புறம் அரிசி பருப்பு, மிஞ்சினால்தானே புதுத்துணி? உடலும் அப்படித்தான் பங்கு பிரிக்கிறது. இதயம், மூளை, உடல் சூடு, தசை எல்லாவற்றுக்கும் கொடுத்த பிறகுதான் கருத்தரிப்புக்கு முறை வரும்.

இது எப்படி நடக்கிறது? மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் இருக்கிறது. அது பிட்யூட்டரிக்குக் கட்டளையை ஒரு ஹார்மோன் வழியாக விட்டுவிட்டு, ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை அனுப்புகிறது. குரங்குகளில் இதைக் கண்டுபிடித்தவர் பிட்ஸ்பர்கில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் நோபில். அதே ஹார்மோனை இடைவெளியின்றித் தொடர்ந்து செலுத்தினால் பிட்யூட்டரி ஓய்ந்தே போனது. அளவைவிட இடைவெளி முக்கியம் என்று 1978இல் வந்த அந்த ஆய்வு காட்டியது. உணவு போதாதபோது குலைவது இந்த இடைவெளிதான். போதுமா போதாதா என்று மூளைக்குச் சொல்லும் தூதுகளில் ஒன்று லெப்டின், கொழுப்பு சுரக்கும் ஹார்மோன். 2004இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பயிற்சியாலோ எடைக் குறைவாலோ மாதவிலக்கு நின்றுபோன 8 பெண்களுக்கு லெப்டின் ஊசி போட்டார்கள். மூன்று மாதத்துக்குள் 3 பேருக்குச் சினைமுட்டை வெளியானது. உணவு இருக்கிறது என்ற செய்தி போனதுமே மூளை வேலையைத் தொடங்கிவிட்டது.

செய்தி போதும்போது உணவு போதாதா என்ன? நான்சி வில்லியம்ஸ் குழுவினர் குரங்குகளை ஓடவைத்து, மாதச் சுழற்சி நின்றபின், ஓட்டத்தைக் குறைக்காமலே சிலவற்றுக்குத் தீனியை மட்டும் கூட்டினார்கள். சுழற்சி திரும்பியது. அதிகம் தின்றவற்றுக்குச் சீக்கிரம் திரும்பியது. 2001இல் வந்த ஆய்வு அது. இருபது ஆண்டு கழித்து மேரி ஜேன் டி சூசா குழுவினர் இதைப் பெண்களிடமே செய்து பார்த்தார்கள். பயிற்சி செய்யும், மாதவிலக்கு ஒழுங்கற்ற பெண்கள் சராசரியாக நாளுக்கு 330 கலோரி கூடுதலாக உண்டார்கள், பயிற்சியை விடவில்லை. உணவைக் கூட்டாதவர்களைவிட இவர்களுக்கு மாதவிலக்கு திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கானது. 330 கலோரி என்றால் என்ன? ஒரு கைப்பிடி வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை), ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். மல்லாட்டை இந்த மண்ணில் விளைவது. இந்த மூன்றையும் எழுதித் தரும் மருந்துச் சீட்டை நான் இன்னும் அதிகம் பார்க்க ஆசைப்படுகிறேன்.

இதுவரை சொன்னவை ஓடும் பெண்களைப் பற்றியவை. நமக்கு வேண்டியது உழைக்கும் பெண்களைப் பற்றியது. பெரும்பாலான ஆய்வாளர்கள் ஓட்டக்காரிகளையும் கல்லூரி மாணவிகளையும் செவிலியர்களையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, வேறு பக்கம் திரும்பியவர்கள் சிலர். பீட்டர் எலிசன் காங்கோவின் இதுரிக் காட்டில் லேசே இனப் பெண்களின் எச்சிலில் சினைப்பை ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோனின் அளவை அளந்தார். தானியம் தீர்ந்துபோகும் மாதங்களில் அது இறங்கியது. நேபாளத்தில் தமாங் இனப் பெண்களிடம், மழைக்கால விவசாய வேலையில் எடை குறைந்தவர்களுக்கு அப்படியே இறங்கியது. கிராசினா யசென்ஸ்கா, எலிசனோடு சேர்ந்து, போலந்தின் மலைக் கிராமத்து விவசாயப் பெண்களைப் பார்த்தார். அவர்கள் நன்றாக உண்டவர்கள். எடை குறையவில்லை. இருந்தும் அறுவடை மாதங்களில், அதிகம் உழைத்த பெண்களின் சினைப்பை ஹார்மோன் குறைந்தது. 1998இல் வந்த இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். விளையாட்டுக்காக அல்லாமல் வயிற்றுக்காக உழைப்பவளின் உடலையும் அறிவியல் அளக்க வேண்டும் என்று அது நிறுவியது.

அப்படியானால் நெசவு? தறிக்குழியில் கால் நீட்டி, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, நாடாவை வீசி, குனிந்த முதுகோடு மணிக்கணக்கில் இருக்கும் வேலை அது. அதற்கு முன்னால் தார் சுற்றுவது, பாவு பிணைப்பது. அதற்கும் முன்னால் தண்ணீர், அடுப்பு, பள்ளிக்குப் பிள்ளைகள். இந்த வேலையை மருத்துவர் முன் சொன்னால், "உட்கார்ந்த வேலைதானே" என்று எழுதிக்கொள்வார். வீட்டில் கேட்டால், "நாள் பூரா வேலை செய்யறாளே, அவளுக்கு எதுக்கு உடற்பயிற்சி" என்பார்கள். இரண்டுமே பாதி உண்மை. நெசவு கலோரியைச் செலவழிக்கிறது, ஆகவே அதற்கு உணவு வேண்டும். ஆனால் அது இதயத்தையும் பெரிய தசைகளையும் விறுவிறுப்பாக இயக்குவதில்லை, ஆகவே நடையும் வேண்டும். ஒரே பெண்ணுக்கு உணவும் போதாமல், நடையும் போதாமல் இருக்கலாம். இதைப் புரிந்துகொள்ளாமல் எடைபார்க்கும் இயந்திரத்தில் ஏற்றி இறக்கி அறிவுரை சொல்வது பயனற்றது.

இப்போது மறுபக்கம். நம் வீடுகளில் 'நீர்க்கட்டி' என்று சொல்லும் பிசிஓஎஸ். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில், பல மாநிலங்களில் 18 முதல் 40 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 9,800 பெண்களிடம் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. கடுமையான பழைய அளவுகோலில் 7.2 சதவீதம், ஸ்கேன் தோற்றத்தையும் கணக்கில் எடுக்கும் ராட்டர்டாம் அளவுகோலில் 19.6 சதவீதம். அளவுகோல் மாறியதும் எண்ணிக்கை இரண்டரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. இதற்கு மீண்டும் வருகிறேன்.

நீர்க்கட்டியில் பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. உடல் அதை ஈடுகட்ட இன்சுலினை அதிகம் சுரக்கிறது, அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது, முட்டை முதிராமல் நின்றுவிடுகிறது. வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். உடற்பயிற்சி இங்கே உதவுவது இதனால்தான். எடை குறையாவிட்டாலும் உதவும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1995இல் வந்த ஆய்வில், உடல் பருமனால் சினைமுட்டை வெளியாகாத பெண்கள் ஆறு மாதம் குழுவாகச் சேர்ந்து நடந்தார்கள், உணவைத் திருத்திக்கொண்டார்கள். முடித்த 13 பேரில் 12 பேருக்கு முட்டை வெளியானது, 11 பேர் கருவுற்றார்கள். சராசரியாகக் குறைந்த எடை 6 கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நம் பக்கத்து அனந்தபூரில் 15 முதல் 18 வயது மாணவிகளிடம் ராம் நிதி குழுவினர் பன்னிரண்டு வாரம் யோகப் பயிற்சி கொடுத்து, வழக்கமான உடற்பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். ஹார்மோன் அளவுகளில் யோகம் கூடுதலாக உதவியது. ஒரு சிறு அறை அளவு இடம் போதும் அதற்கு.

சிறியதும் மகிழ்ச்சியானதுமான முடிவுகளை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மை ஆகாது. நெதர்லாந்தில் 577 பெண்களிடம் நடந்த பெரிய சோதனை 2016இல் வெளியானது. பருமனான பெண்களில் ஒரு பிரிவை ஆறு மாதம் எடை குறைக்கச் சொல்லி, அதன்பின் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். மற்றப் பிரிவுக்கு உடனே சிகிச்சை. முதல் பிரிவில் சிகிச்சையின்றி இயல்பாகக் கருவுற்றவர்கள் அதிகம். ஆனால் குறித்த காலத்துக்குள், மாதம் நிறைந்து, சுகப்பிரசவத்தில் ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் அந்தப் பிரிவில் 27 சதவீதம், உடனே சிகிச்சை பெற்றவர்களில் 35 சதவீதம். ஆகவே 36 வயதுப் பெண்ணிடம், "பத்து கிலோ குறைத்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன். நடையும் உணவும் சிகிச்சையோடு சேர்ந்து நடக்க வேண்டும். அவள் வயது காத்திருக்காது.

ஸ்கேன் பற்றி மீண்டும் வருகிறேன் என்றேன். என்னை மிகவும் வருத்துவது இதுதான். பத்தொன்பது, இருபது வயதில் ஒரு மெலிந்த பெண். மாதவிலக்கு நின்றுவிட்டது. ஸ்கேனில் சினைப்பையில் சிறு சிறு கட்டிகள் போலத் தெரிகிறது. 'நீர்க்கட்டி' என்று முடிவு கட்டி, சோற்றைக் குறை, ஓடு, உடம்பைக் குறை என்கிறோம். உண்மையில் அவளுக்கு நின்றது உணவுக் குறைவால். உணவுக் குறைவால் மாதவிலக்கு நின்ற பெண்கள் பலரின் சினைப்பையும் ஸ்கேனில் அப்படித் தோற்றம் தருவதுண்டு. அவளை இன்னும் பட்டினி போடுகிறோம், இன்னும் ஓடவைக்கிறோம். எலும்பும் சேர்ந்து தேய்கிறது, ஏனெனில் மாதவிலக்கு நின்றபோது எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜெனும் இறங்கிவிடுகிறது. தாய்மார்களே, உங்கள் மகளுக்கு நீர்க்கட்டி என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். இவள் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தீர்களா? ஹார்மோன் சோதனை செய்தீர்களா? ஸ்கேன் படம் மட்டும் வைத்து முடிவெடுக்க விடாதீர்கள்.

ஏற்கெனவே மெலிந்தவள் கடுமையாக ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு டென்மார்க்கில் பிள்ளைக்காகக் காத்திருந்த சுமார் 3,600 பெண்களிடம் நடந்த ஆய்வு விடை தருகிறது. மிதமான உடற்பயிற்சி எல்லோருக்கும் உதவியது. கடுமையான பயிற்சி கூடக்கூட, பருமன் இல்லாத பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைந்தது. பருமனான பெண்களிடம் அப்படிக் குறையவில்லை. ஒரே ஓட்டம், இரண்டு உடலில் இரண்டு விளைவு.

தமிழ்நாட்டில் இந்த இரண்டு உடலும் ஒரே தெருவில் இருக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள், 12.6 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள், 53 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். எடை மிகுந்தவளுக்கும் ரத்தம் குறைவாக இருக்கிறது. சோறு நிறைய, பருப்பும் கீரையும் கொஞ்சம் என்றால் இப்படித்தான் ஆகும்.

உணவில் என்ன என்பதற்கு, அமெரிக்கச் செவிலியர்களிடம் 1989இல் தொடங்கிய நெடிய ஆய்வு சில குறிப்புகள் தருகிறது. பிள்ளைக்குத் திட்டமிட்ட 17,500க்கும் மேற்பட்ட பெண்களை எட்டு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். டிரான்ஸ் கொழுப்பு கூடியபோது சினைமுட்டைக் கோளாறால் வரும் மலட்டுத்தன்மை கூடியது. இறைச்சிப் புரதத்தின் ஒரு பங்கின் இடத்தைப் பயறு, பருப்பு, கொட்டைப் புரதம் பிடித்தபோது குறைந்தது. இரும்புச்சத்து மாத்திரை எடுத்தவர்களிடம் குறைவாக இருந்தது. டிரான்ஸ் கொழுப்பு நமக்கு வனஸ்பதியில் வருகிறது, திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயிலும் ஓரளவு உண்டாகிறது. 2022 தொடக்கத்திலிருந்து எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. தறி இடைவேளையில் டீயோடு வரும் பஃப்ஸுக்குப் பதில் சுண்டல் வந்தால் அந்தச் சட்டத்துக்கு நாம் செய்யும் உதவி அது.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் 2006 முதல் 2012 வரை நடந்த ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. கருவுறுவதற்கு முன்பே தொடங்கி, பெண்களுக்கு நாள்தோறும் ஒரு சிற்றுண்டி கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குக் கீரை, பழம், பால் சேர்ந்தது. மற்றதற்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவை. கருவுறுவதற்கு மூன்று மாதமாவது முன்பிருந்து கீரைச் சிற்றுண்டி உண்டவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தன. கர்ப்பகாலச் சர்க்கரை நோய் 12.4 சதவீதத்திலிருந்து 7.3ஆகக் குறைந்தது. அந்த மூன்று மாதம் என்பதைக் கவனியுங்கள். நம் வீட்டில் பெண்ணைக் கவனித்துச் சோறு போடுவது அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான். அப்போது பிள்ளையின் முதுகுத்தண்டு உருவாகும் நாள் பெரும்பாலும் கடந்திருக்கும். அந்த நாட்களில் ஏற்படும் தண்டுவடக் குறையை ஃபோலிக் அமிலம் பெருமளவு தடுக்கும் என்று 1991லேயே பிரிட்டன் தலைமையில் நடந்த சோதனை நிரூபித்துவிட்டது. கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் முகூர்த்தப் புடவைக்குப் பாவு போடுவதுபோல் ஃபோலிக் அமில மாத்திரையும் தொடங்க வேண்டும்.

தேவி தவம் இருந்த தலம் என்று இந்த ஊரைச் சொல்வார்கள். பெரியநாயகி அம்மன் சந்நிதியில் பிள்ளை வரம் வேண்டி நிற்கும் பெண்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைக்காக விரதம் இருப்பவள் ஏற்கெனவே மெலிந்தவளாக, மாதவிலக்கு தவறுபவளாக இருந்தால், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி கிடக்க வேண்டாம். பாலும் பழமும் உண்டு விரதம் இருக்க நம் மரபிலேயே வழி உண்டு.

இன்னொன்று, பெண்ணை இத்தனை அளக்கும் முன் ஆணுக்கு ஒரு விந்துச் சோதனை செய்துவிடுங்கள். செலவு குறைந்த, வலியில்லாத சோதனை அது. காரணம் ஆணிடமும் இருக்கலாம் என்பதில் மருத்துவத்துக்குச் சந்தேகம் இல்லை. மனைவி ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்ட பிறகு கணவனின் முதல் சோதனை நடப்பதை இனியும் அனுமதிக்கக் கூடாது.

இந்த அறக்கட்டளையின் வட்டித்தொகையை எதற்குச் செலவிடலாம் என்று நிறுவனர் குடும்பத்தார் என்னிடம் கேட்டார்கள். என் விருப்பம் இது. ஆரம்ப சுகாதார நிலையமும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் பக்கத்துக் கல்லூரி ஊட்டச்சத்து மாணவிகளும் சேர்ந்து, இந்த ஊர்த் தறிப் பெண்களிடம் ஓராண்டு ஆய்வு நடத்த வேண்டும். தார் சுற்றுவதற்கு எவ்வளவு, தறி மிதிப்பதற்கு எவ்வளவு, முகூர்த்த மாதத்தில் நெருக்கடி ஆர்டர் வரும்போது எவ்வளவு என்று உழைப்பை அளக்க வேண்டும். எத்தனை மணிக்கு என்ன உண்டார்கள் என்று எழுத வேண்டும். மாதவிலக்கு நாளை அவர்களே ஒரு நாட்காட்டியில் குறித்து வர வேண்டும். ரத்தத்தில் இரும்பு, பி12, தைராய்டு பார்க்க வேண்டும். அதோடு, காலை பத்து மணிக்குத் தறியை விட்டு எழுந்து ஒரு சுற்று நடந்து வந்து, சுண்டலோ மல்லாட்டையோ ஒரு டம்ளர் பாலோடு உண்ணும் அரைமணி நேரத்துக்கான கூலியைச் சங்கம் பிடிக்காமல் தர வேண்டும். அந்தக் கூலிக்கு முதல் ஆண்டு அறக்கட்டளை பொறுப்பேற்றால், இரண்டாம் ஆண்டு கேட்க நமக்கு எண்கள் கையில் இருக்கும். ஆய்வுப் படிவத்தின் வரைவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடையருகே இருப்பேன். தறி வேலையை எந்தப் பெயரில், எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று நீங்கள்தான் திருத்தித் தர வேண்டும்.